தொடாமல் விட்ட வட்டங்கள்

இன்ஜினியரிங் படிப்புக்கு நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது. இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால், அப்படியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். போகட்டும். எனக்குத்தான் அது ஆறாத புண், அவர்களுக்கு என்ன வந்தது?

பிளஸ் டூவில் முட்டி மோதி மார்க் வாங்கினால் மட்டும் அப்போது போதாது. அது முடிந்து கொஞ்ச நாளில் இன்னொரு பரீட்சை. இயற்பியலும் வேதியியலும் ஒரு நாள், கணக்கு ஒரு நாள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு விடை இருக்கும். சரியான விடைக்கு உரிய வட்டத்தைத் தனித் தாளில் பென்சிலால் கருப்பாக நிரப்ப வேண்டும். அந்தத் தாளை மனிதர்கள் திருத்த மாட்டார்கள், மிஷின் திருத்தும். பிளஸ் டூ மார்க்கிலிருந்து இரண்டு பங்கு, இந்த மார்க்கிலிருந்து ஒரு பங்கு, இரண்டையும் கூட்டி வரிசைப்படுத்தித்தான் யாருக்கு எந்தக் காலேஜ் என்று முடிவாகும்.

எங்கள் வீட்டில் கணக்கு அதைவிடச் சுலபம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் நான் இன்ஜினியர், கிடைக்காவிட்டால் இல்லை. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா ஒருத்தியின் சம்பளத்தில் வீடு ஓடிக்கொண்டிருந்தது. தனியார் கல்லூரி என்ற பேச்சை நாங்கள் எடுத்ததே கிடையாது. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் அதைத் தவிர வேறு எதையும் நான் நினைத்ததில்லை.

அம்மாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. முதல் சூடு முடிந்து சூளையிலிருந்து வருகிற ஃபியூஸ் கட்டைகள் மங்கலான வெள்ளையாக இருக்கும். அவற்றுக்குப் பளபளப்பு பூசி மறுபடியும் சூளைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் விரிசல் விட்டது, மூக்கு உடைந்தது, கோணிப் போனது எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட வேண்டும். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். இடது கையில் ஒரு கட்டையை எடுத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, திருப்பிப் பார்த்து, கெட்டுப் போயிருந்தால் பென்சிலால் ஒரு கோடு. நல்லதாக இருந்தால் அதைத் தொடக் கூடாது, அப்படியே வைத்துவிட வேண்டும். கோடு போட்டது குப்பைக்கு, கோடு இல்லாதது பூச்சுக்கு. பத்தாவது லீவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாள்களிலும் நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் கை தானாகப் போக ஆரம்பித்துவிடும். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்.

நுழைவுத் தேர்வுக்கு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மாடியில் டியூஷன். சார் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பி வந்தவர். கீழே ரயில் போகும்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேருக்கும் மாதிரி விடைத்தாள் ஒன்றே ஒன்று. அதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார், யாரும் பென்சிலை வைக்கக் கூடாது. ஆட்காட்டி விரலால் உறையின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் காட்டச் சொல்வார். நாங்களும் வரிசையில் நின்று தேய்த்தோம். நீச்சலைத் தரையில் படுத்துக் கற்றுக்கொடுத்த மாதிரிதான் இருந்தது. அப்போது சிரிப்பு வந்தது.

சாருக்கு ஒரு தந்திரம் இருந்தது. நேரம் கம்மி, அதனால் கணக்கை முழுசாகப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், நான்கு விடையில் தப்பான மூன்றைக் கொல்லுங்கள், மிஞ்சுவதுதான் பதில் என்பார். n இருக்கிற இடத்தில் ஒன்று போட்டுப் பார், எந்த விடை உதைக்கிறதோ அதை அடி. அலகைப் பார், விசைக்குக் கீழே வேகத்தின் அலகு இருந்தால் அதை அடி. எனக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. கெட்டதைக் கண்டுபிடித்துக் கோடு போடுவதைத்தான் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தேனே! பயிற்சிப் புத்தகத்தில் மூன்று விடைக்கு மேல் சர்சர்ரென்று கோடு விழும், நான்காவது சுத்தமாக நிற்கும். சார் என் புத்தகத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வகுப்பில் எனக்கு ஒரு சிநேகிதி. கம்மாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சாரின் தந்திரம் எதுவும் அவளுக்கு ஒத்துவராது. கேள்வியைப் படிப்பாள், படம் வரைவாள், அம்புக்குறி போடுவாள், முதலிலிருந்து கடைசி வரை கணக்கைப் போட்டுவிட்டுத்தான் விடையையே பார்ப்பாள். நான் எட்டுக் கேள்வி முடிக்கிற நேரத்தில் அவள் ஐந்து முடிப்பாள், ஐந்தும் சரியாக இருக்கும். பந்தை மேலே எறிந்தால் உச்சியில் அதன் முடுக்கம் என்ன என்று ஒரு கேள்வி. உச்சியில் பந்து நின்றுவிடுகிறது, அதனால் பூஜ்யம் என்று நான் சாதித்தேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நின்னாலும் பூமி உட்ருமாடி? அப்பவும் இழுத்துக்கிட்டுத்தான இருக்குது” என்றாள்.

விடை அவள் சொன்னதுதான். அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் அவளிடம் பேசவில்லை.

தர்க்கம் என்று கணக்கில் ஒரு பாடம் உண்டு. இது நடந்தால் அது நடக்கும் என்கிற வாக்கியம் எப்போது மெய், எப்போது பொய் என்று அட்டவணை போட வேண்டும். முதல் பாதி பொய்யாக இருந்தால் மொத்த வாக்கியமும் மெய் என்று அதில் வரும். அதெப்படி? யானை பறந்தால் நான் கலெக்டர் என்று சொன்னால் அது மெய்யா என்று சாரிடம் சண்டைக்கு நின்றேன். யானை பறக்காத வரைக்கும் நீ சொன்னது மெய்தான்மா, அது அப்படித்தான், உட்காரு என்றார் அவர். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வருடம் அவள் குடும்பம் இருந்த தெரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. சரியாகப் பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. ஓடும் கதவும் ஜன்னலும் டிராக்டரில் போக, வேதியியல் பரீட்சைக்கு முந்தின நாள் அவள் புது இடத்தில் கூரை இல்லாத சுவருக்குள் உட்கார்ந்து படித்தாள். புத்தகப் பை எந்த மூட்டையில் போனது என்று தேடவே பாதி நாள் போயிற்று என்றாள். பரீட்சை சுமாராகத்தான் எழுதியிருந்தாள். நுழைவுத் தேர்வில் பிடித்துவிடலாம் என்று அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நேரெதிர். பிளஸ் டூ நன்றாக எழுதியிருந்தேன். நுழைவுத் தேர்வில் வழுக்காமல் இருந்தால் போதும்.

பரீட்சை கடலூரில். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள்தான் கணக்கு. ஹாலுக்கு வந்த மேடம் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். கேள்வித்தாளில் நம்முடைய பதிவு எண்ணைத் தவிர ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது, போட்டுப் பார்ப்பதெல்லாம் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான். அப்படி ஒரு விதி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மற்ற ஹாலில் எல்லோரும் கேள்வித்தாளில் கிறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். என் சிநேகிதி உட்பட.

முதல் இருபது கேள்வி வரை ஒழுங்காக நிரப்பினேன். அதன் பிறகு வந்ததெல்லாம் கடினம். கலப்பெண், நிகழ்தகவு, மூன்று வெக்டரை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஒரு கேள்வி. நேரம் ஓடுகிறது. நான் கொல்ல ஆரம்பித்தேன். முதல் விடை உதைக்கிறது, அடி. மூன்றாவது உதைக்கிறது, அடி. கேள்வித்தாளில் கோடு போடக் கூடாதே, அதனால் கை பக்கத்தில் இருந்த தாளுக்குப் போயிற்று. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போயிற்று. கண் கேள்வியில், மனசு கணக்கில், கை விடைத்தாளில். எத்தனை சுலபமாக வருகிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

பக்கத்தைத் திருப்பும்போதுதான் விடைத்தாளை முழுசாகப் பார்த்தேன். பதினாறு கேள்விக்கு, வரிசைக்கு மூன்று வட்டத்தின் மேல் பென்சில் கோடு. நான்காவது வட்டம் வெள்ளையாக, சுத்தமாக, தொடாமல் இருந்தது. சரியான விடை எல்லாம் தொடாமல் இருந்தது.

ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தேன். பெட்டிக்கடையில் வாங்கிய வாசனை ரப்பர், வெயிலில் கல்லாகிக் கிடந்தது. அழிக்க அழிக்கக் கோடு போகாமல் சாம்பல் நிறமாக இழுபட்டது. அழுத்தினால் தாள் நூல் விட்டது. கையைத் தூக்கி, வேறு தாள் கிடைக்குமா என்று கேட்டேன். மேடம் கிட்டே வந்து பார்த்தார். அந்தக் கறார் முகம் ஒரு நொடியில் மாறிப்போனது. ஒவ்வொரு தாளிலும் ஒரு எண் அச்சாகியிருக்கிறது, ஒருத்தருக்கு ஒன்றுதான், என் கையில் எதுவும் இல்லைம்மா என்றார். தன் கைப்பையைத் திறந்து தன்னுடைய ரப்பரை எடுத்துக் கொடுத்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவே மாட்டேன் என்கிறது. அதுவும் ஒரு எரிச்சல்தான்.

நாற்பத்தெட்டுக் கோடுகளையும் அழித்து, பதினாறு வட்டங்களையும் நிரப்பி நிமிர்ந்தபோது மணி அடிக்கப் போகிறது என்றார்கள். கடைசிப் பத்துப் பன்னிரண்டு கேள்வியைப் படிக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வட்டத்தையே நிரப்பிக்கொண்டு போனேன். வெளியே வந்தால் இவள் வேப்பமரத்தடியில் நின்று, அந்த வெக்டர் கணக்கு எப்படிப் போட்டாய் என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்கிறாள். நன்றாகப் போட்டேன் என்றேன்.

அதற்கப்புறம் காத்திருப்பு. பதில் தப்பு என்றால் நம் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். இங்கே பதில் சரி. மிஷின் அதை எப்படிப் படித்தது என்பதுதான் தெரியாது. சாம்பல் கறையைக் கோடு என்று எடுத்துக்கொண்டதா, அழித்தது என்று விட்டுவிட்டதா? மிஷினிடம் போய், அது நான் அடித்ததுங்க, அழிச்சிட்டேங்க, கொஞ்சம் பார்த்துப் படிங்க என்று யார் சொல்வது? எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் அது இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்லவில்லை. லீவுதானே என்று அவளோடு கம்பெனிக்குப் போய் அதே கட்டைகளை எடுத்து, அதே கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் அழுகை முட்டியது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கணக்கில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அம்மா பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாம், அப்ப சீட்டு நிச்சயம்தான என்று கேட்டார்கள். நிச்சயம்தான் என்று அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சிநேகிதிக்கு மார்க் கம்மி. ஆறுதல் சொல்லப் போனால் அவள் எனக்கு வாழ்த்துச் சொன்னாள். நுழைவுத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு தாண்டிவிடும், அது போதும்டி எனக்கு என்றாள்.

நுழைவுத் தேர்வு மார்க் வருவதற்குள் இன்னொன்று வந்தது. கம்பெனியில் சூப்பர்வைசர் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, உங்க பரீட்சையையே தூக்கிட்டாங்களாமே என்றார். பிடுங்கிப் பார்த்தேன். நுழைவுத் தேர்வை அரசு ரத்து செய்துவிட்டது. இந்த வருடமே. எழுதியது எழுதியபடி கிடக்கட்டும், பிளஸ் டூ மார்க்கை வைத்து மட்டும்தான் இடம் என்று போட்டிருந்தது.

நான் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். நல்ல கட்டை. யாரும் திட்டவில்லை. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அந்தத் தாளை இனி எந்த மிஷினும் படிக்கப் போவதில்லை! கறை, கோடு, ஓட்டை எல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அம்மா எதற்கு அழுகிறாய் என்று கேட்டாள். சந்தோஷம் என்றேன். பொய் சொல்லாமல் அம்மாவுக்குப் பதில் சொல்லி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

சாயங்காலமே தேங்காய் வாங்கிக்கொண்டு பழமலைநாதர் கோயிலுக்கு ஓடினேன். அங்கே ஆழத்துப் பிள்ளையார் என்று படி இறங்கிப் போய்க் கும்பிடுகிற பிள்ளையார் உண்டு. மிஷினுக்குக் கண் மங்க வேண்டும் என்று கடலூரிலிருந்து வந்த அன்றே அவரிடம் வேண்டியிருந்தேன். அவர் ஒரு படி மேலே போய்ப் பரீட்சையையே எடுத்துவிட்டார். படி இறங்கப் போனால் மேல்படியில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். கண் வீங்கியிருந்தது. என் கையில் இருந்த தேங்காயைப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு எது வரமோ அது அவளுக்குச் சாபம். பரீட்சை இல்லை என்றால் அவளுடைய தொண்ணூறும் இல்லை. கூரையில்லாத வீட்டில் உட்கார்ந்து படித்து வாங்கிய மார்க் மட்டும்தான் அவளுக்கு மிச்சம். கேஸ் போட்டிருக்கிறார்களாம், கோர்ட்டில் மாற்றினாலும் மாற்றுவார்களாம், அதற்காகத்தான் வந்தேன் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, பென்சில் கோடு விஷயம் முழுவதையும் அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் ஏன் சொன்னேன் என்றால், என்னைக் கெட்டவள் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்று சொன்னாள்.

“நீ எனக்காக வேண்டிக்கவேணாம்டி. எனக்கு எதிரா வேண்டிக்காம இரு, அது போதும்.”

சரி என்று சொல்லியிருக்கலாம். தேங்காயை உடைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா அதைத் துவையல் அரைத்துவிட்டாள்.

அடுத்து வந்தது மூன்று வாரம்கூட இருக்காது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பேப்பருக்காக நானும் அவளும் காலையில் வந்து நிற்போம். ஒரே செய்தியை இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படிப்போம். இன்று விசாரணை, நாளை தள்ளிவைப்பு, இரண்டு தரப்பு வக்கீல்களும் வாதம். ஒரு வரி அவள் பக்கம் சாய்ந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன், என் பக்கம் சாய்ந்தால் அவள் மூடிக்கொள்வாள். சென்னையில் யாரோ பேசுகிறார்கள், யாரோ எழுதுகிறார்கள், நாங்கள் இங்கே டீக்கடை வாசலில் நிற்கிறோம். நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. படித்தால் மாறாது, அழுதால் மாறாது, பட்டினி கிடந்தாலும் மாறாது. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நிற்போம். அவளுக்கு நல்லது நடக்கக் கூடாது என்று கைகோத்தபடியே நினைத்திருக்கிறேன். அவளும் நினைத்திருப்பாள்.

அரசு ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. டிவியில் முன்தினமே தெரிந்துவிட்டது போல. எனக்காகத்தான் வராமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த நல்ல குணத்தின் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு மார்க் வந்தது. கணக்கில் பாதிக்குப் பாதிகூட இல்லை. மிஷின் அந்தப் பதினாறையும் எடுக்கவில்லை, அதற்கு மேலும் சிலதை எடுக்கவில்லை. அம்மாவிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். சமையல்கட்டில் நின்றுகொண்டு, தாள், கோடு, ரப்பர், மேடம் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நானும் திருப்பிக் கத்தலாம். அவள் என் வலது கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள்.

“நான் பழக்குன கைதான இது” என்றாள்.

அதற்கு அவள் அறைந்திருக்கலாம். உன் தப்பு ஒன்றும் இல்லை என்று நான் கத்தினேன், என் புத்தி எங்கே போயிற்று என்று என் தலையில் அடித்துக்கொண்டேன், அவள் காதில் எதுவும் ஏறவில்லை. மறுநாளிலிருந்து லீவு நாளில்கூட என்னைக் கம்பெனிப் பக்கம் வர விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கவுன்சிலிங்குக்கு அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. அப்பாவோடு போக வேண்டும், அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, சென்னையும் பழக்கமில்லை, எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டுமாம், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். அதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு வருடமாகக் காலேஜ் பட்டியலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எந்தக் காலேஜ் ஹாஸ்டலில் தண்ணீர் வராது என்பது வரை தெரியும். போடி, உன் வேலையை நீயே பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா குறுக்கே வந்து, போயிட்டு வா, அந்தப் பொண்ணு என்னா பண்ணும் பாவம் என்றாள்.

விடிவதற்கு முன் பஸ் பிடித்துப் போனோம். கவுன்சிலிங் நடந்த வளாகத்தில் ஜனம் கோயில் திருவிழா மாதிரி நின்றது. மாணவியோடு ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். அவள் அப்பா வெள்ளை வேட்டியில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீ போம்மா, எனக்கு அங்க ஒண்ணும் புரியாது என்று என்னை அனுப்பிவிட்டு வெயிலிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே குளிர். பெரிய திரையில் காலேஜ் பெயரும் பக்கத்தில் மீதி இடமும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கும் அவளுக்கும் ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. அவளுடைய முறை வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். மேற்கு மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ். எங்கள் பிரிவில் மீதி ஒன்று. நான் ஒரு வருடமாகச் சாமி கும்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்த கல்லூரி அதுதான். அவளுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்க்காரர் சீக்கிரம் சொல்லுங்க என்றார். அவள் என் பக்கம் திரும்பி, எத எடுக்கட்டும் என்று கேட்டாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சிவில் நல்லது, கெமிக்கல் நல்லது, இந்த ஊர் தூரம் என்று எதைச் சொல்லியிருந்தாலும் அவள் எடுத்திருப்பாள். அந்த ஒரு நொடியை நான் மறைக்க விரும்பவில்லை. சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லி எனக்கு என்ன கிடைக்கும்? என் முறை வர இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. அதற்குள் வேறொருத்தி அதை எடுத்துக்கொண்டு போவாள். திரையில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் சரி என்றாள். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். ஒன்று பூஜ்யமானது. அவள் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள், நானும் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது திருச்சி போகிற பஸ்ஸில் ஏறி, வேப்பூரில் இறங்கி, விருத்தாசலம் பஸ்ஸுக்காக நின்றோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லாரிகள் நின்ற ஒரு கடையில் அவள் அப்பா எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்த மனுஷர், கவர்மெண்ட் காலேஜ் என்கிற வார்த்தையை அப்போதுதான் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“ஒன்னாலதாம்மா இது நடந்துச்சு. இவ்ளோ வெவரம் தெரிஞ்ச பொண்ணா இருக்கியே, நீயும் இந்தப் பரீட்சைய எழுதியிருக்கலாமில்ல?”

நான் இவளைப் பார்த்தேன். இவள் டீ கிளாஸைப் பார்த்தாள். நான் பரீட்சையே எழுதவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். மார்க் எவ்வளவு, ஏன் போயிற்று என்று யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது என்று.

“அடுத்த வருஷம் எழுதுறேங்கப்பா” என்றேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எழுது தாயி, ஒனக்குக் கெடைக்காம யாருக்குக் கெடைக்கும் என்று என் தலையில் கை வைத்தார். விருத்தாசலம் பஸ் வந்தது. கூட்டம் நெருக்கியது. அவர் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் ஒரு சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். அவருடைய மகள் உட்காரப் போனாள். அவளை நகர்த்திவிட்டு, பரீட்சைக்குப் படிக்கப் போற புள்ள, அது நல்லா காத்தாட உக்காரட்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.